கசந்த இருபது லிட்டர்

போன வருஷம் கத்திரி தொடங்கிய இரண்டாம் நாள், எங்கள் அடுக்ககத்து வாசலில் போட்ட தண்ணீர்ப் பந்தலில் இருபது லிட்டர் எலுமிச்சை ஜூஸைக் கசக்க வைத்த புண்ணியவதி நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயனாவரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எப்படியும் சொல்லிவிடப் போகிறார்கள்.

முதல் டம்ளரை வாங்கியது எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா. காலை பத்தரை இருக்கும். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்புறம் டம்ளர் அந்தரத்திலேயே நின்றது. கண்ணை மூடி, திறந்து, என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இது, வேப்பெல கீப்பெல அரைச்சுப் போட்டியா?"

நான் சிரித்தேன். ஒரு டம்ளர் எடுத்துக் குடித்த பிறகு சிரிக்கவில்லை. இனிப்பு இருந்தது, புளிப்பு இருந்தது. இரண்டும் போன பிறகு அடிநாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று ஒரு கசப்பு. சங்கத்துச் செயலாளர் சார் நல்ல மனிதர். "கொஞ்சம் சர்க்கரை தூக்கலா போட்டா சரியாயிடும் மேடம்" என்றார். ஒரு கிலோ போட்டோம். இப்போது அது இனிக்க இனிக்கக் கசந்தது. கடைசியில் எழுபது பழமும், மூன்று கிலோ சர்க்கரையும், வீட்டுக்கு நூறு ரூபாய் வசூல் செய்த பணமும் வாசல் சாக்கடையில் போயின. செயலாளர் சார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தயிர் வாங்கி வந்தார். அன்றைக்குப் பந்தலில் நீர்மோர்.

எனக்கு இது செய்யத் தெரியாது என்றால் மனசு ஆறியிருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டில் செய்கிறேன். யாரும் வேப்பிலை என்று சொன்னதில்லை.

இதைக் கற்றுக்கொடுத்தது பாபி. 2003ல் நாங்கள் ஐசிஎஃப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழ்வீட்டில் மீரட்டிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் பாபி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மே மாதக் கடைசியைச் சென்னையில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. ஏரிகளில் தண்ணீர் இல்லை, குழாயில் காற்றுதான் வரும். லாரி வந்தால்தான் சமையல். வழக்கமாக மதியம் வாக்கில் கடல் காற்று திரும்பிவிடும், அப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம். அது வராத நாளில்தான் மெட்ராஸ் வெயில் தன் முழு குணத்தையும் காட்டும். அப்படி ஒரு நாளில் நான்கு பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்காக வரிசையில் நின்றேன். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. குடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாபி கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கையில் திணித்தார். "பியோ, பியோ. வெயிலுக்கு அச்சா." வாயருகே கொண்டுபோனதும் குப்பென்று முட்டை வாசனை. எங்கள் வீட்டில் முட்டை புழங்காது. வேண்டாம் என்று சொல்ல இந்தி தெரியவில்லை, சைகை காட்டத் தெம்பு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இரண்டு மடக்கில் வாசனை எங்கே போனது என்று தெரியவில்லை. புளிப்பு, வறுத்த சீரகம், உப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குடம் நிரம்பியதா என்பது ஞாபகம் இல்லை.

அதன் பெயர் ஷிகஞ்சி. பாபி ஊர்ப்பக்கம், டெல்லியிலிருந்து மீரட் போகும் சாலையில் இருக்கும் மோதிநகர் ஷிகஞ்சிக்குப் பேர்போன ஊர். அந்த வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுத்தான் போவார்களாம். பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது என்று பின்னால் படித்தேன். அங்கே சிர்கா என்றால் வினிகர், அங்கபின் என்றால் தேன். இரண்டையும் கலந்த பானம் செகஞ்சபின். இந்தியாவுக்கு வந்து வினிகர் இடத்தில் எலுமிச்சை, தேன் இடத்தில் சர்க்கரை. பெயர் மட்டும் உருண்டு உருண்டு ஷிகஞ்சி ஆகிவிட்டது.

அந்த முட்டை வாசனைக்குக் காரணம் காலா நமக், அதாவது கறுப்பு உப்பு. இதைத் தேடி நான் அலைந்த கதை தனி. முதலில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். இந்துப்பைக் கட்டிக் கொடுத்தார். இது இல்லையே அண்ணா என்றால், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, பேருதான் வேற" என்றார். ஒன்று இல்லை. இந்துப்பு பூமியிலிருந்து வெட்டி எடுப்பது, வாசனை கிடையாது. கறுப்பு உப்பு சூளையில் வெந்து வருவது. உப்பைக் கரியோடும் கடுக்காய் விதையோடும் மண்பானையில் போட்டு மூடி, மணிக்கணக்கில் சுடுவார்கள். அந்தச் சூட்டில் உப்பில் இருக்கும் கந்தகம் வேறு உருவம் எடுக்கிறது. அவித்த முட்டையிலிருந்து வருவதும் அதே கந்தக வாசனைதான்.

கடைசியில் சவுகார்பேட்டையில் கிடைத்தது. தங்கசாலைத் தெருவில் ஊறுகாய், அப்பளம், வாய்க்குப் போடும் சூரணம் எல்லாம் விற்கிற ஒரு கடை. கேட்டதும் சேட்டு ஒரு சாக்கின் வாயை விரித்துக் காட்டினார். உள்ளே ஊதா கலந்த கருப்பில், பார்த்தால் கருங்கல் ஜல்லி மாதிரி. வீட்டுக்கு வந்து இடிகல்லில் போட்டு இடித்தால் வெளிறிய ரோஜா நிறத்தில் தூள் வருகிறது. கறுப்பு உப்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று இடித்து முடித்தவர்களுக்குப் புரியாது. இப்போது எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் தூளாகவே பாக்கெட்டில் கிடைக்கிறது. நான் இன்னும் கட்டியாகத்தான் வாங்குகிறேன். தூளில் வாசனை சீக்கிரம் போய்விடுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

அடுத்தது சீரகம். நம் வீடுகளில் சீரகத்தைப் பச்சையாகப் பொடிப்போம், இல்லையென்றால் எண்ணெயில் பொரிப்போம். பாபி வறுத்ததைப் பார்த்தபோது எனக்குப் பதறியது. இரும்பு வாணலி, சொட்டு எண்ணெய் இல்லை, தீ சிம்மில். முதலில் ஒன்றுமே நடக்காது. ஓரிரு நிமிஷத்தில் ஈர வாசனை போய், நமக்குப் பழக்கமான ரச வாசனை வரும். நான் அங்கேயே இறக்கிவிடுவேன். பாபி இறக்கவில்லை. வாணலியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சீரகம் மண் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிற்று. ஒன்றிரண்டு படபடவென்று துள்ளியது. மெல்லிசாக ஒரு புகை எழும்பியது. கருகிடுச்சு பாபி என்று நான் கத்துவதற்கும் அவர் தட்டில் கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் உண்மையாகவே கருகிவிடும், அதனால் உடனே தட்டுக்கு மாற்ற வேண்டும். ஆறிய பிறகு விரலால் நசுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதுதான் பதம். அந்த வாசனையில் ரசம் இல்லை, கொஞ்சம் புகை, கொஞ்சம் கொட்டைப்பருப்பு. ஷிகஞ்சிக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. எலுமிச்சைதான் என்பார்கள் சிலர். எலுமிச்சை மட்டும் போட்டால் அது கடை லெமன் ஜூஸ்.

மூன்று தேக்கரண்டி வறுத்த சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு தேக்கரண்டி கறுப்பு உப்புத் தூள். சீரகத்தையும் மிளகையும் கொரகொரப்பாக இடித்து உப்போடு கலந்து, ஈரமில்லாத பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தால் ஒரு மாதம் தாங்கும். மிக்ஸியில் போட்டால் மாவாகிவிடுகிறது. பல்லில் ஒரு துணுக்கு சீரகம் கடிபட வேண்டும்.

எலுமிச்சை வாங்குவது எங்கள் வீட்டில் அத்தை துறை. என் மாமியாருக்கு ஊர் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர்க்காரி என்பதால் அயனாவரம் மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை. பழத்தைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, நகத்தால் தோலை லேசாகக் கீறி முகர்ந்து, "இது கூடூர்க் காய். நம்மூர்க் காய் இல்ல" என்று கீழே வைத்துவிடுவார். கோயம்பேட்டுக்கு நெல்லூர்ப் பக்கம் கூடூரிலிருந்தும் வரும், புளியங்குடியிலிருந்தும் வரும். எனக்கு வித்தியாசம் தெரியாது. தோல் மெல்லிசாக, வழவழவென்று, அளவுக்கு மீறின கனமாக இருந்தால் எந்த ஊர்க் காயும் நல்ல காய்தான். இதை அத்தை காதுபடச் சொல்வதில்லை. வெயில் காலத்தில் வரத்து குறைவு, நாம் கேட்பதோ அப்போதுதான். அதனால் மழைக்காலத்தில் சீந்துவாரில்லாமல் கிடக்கும் பழம் சித்திரையில் ஒன்று ஏழு, எட்டு ரூபாய் என்று நிற்கும். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று தோன்றுவது இயற்கை. நான் கெட்டது அங்கேதான்.

இருபது லிட்டருக்கு எழுபது பழம். காலையில் பிழிந்தால் நேரம் ஆகிவிடுமே என்று முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். கை வலிக்கும் என்று நெம்பி அமுக்குகிற எலுமிச்சைப் பிழியி. விலை ஞாபகத்தில் ஒவ்வொரு மூடியையும் தோல் உள்வெளியாகத் திரும்பும் வரை அமுக்கினேன். விதையோடு அப்படியே பாத்திரத்தில் விட்டு, காலையில் வடிகட்டிக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். படுக்கும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல புளிப்பு. கசப்பு கிடையாது.

அதுதான் சூது. எலுமிச்சையின் விதையிலும், தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும் வரை அதற்குக் கசப்பு இல்லை. பிழிந்து, சாற்றின் புளிப்பில் ஊறினால் மணி ஆக ஆக அது கசப்பாக மாறுகிறது. அதற்கு லிமோனின் என்று பெயராம். ஆரஞ்சு ஜூஸ் வைத்திருந்தால் கசப்பதும் இதனால்தான். வீட்டில் நான்கு டம்ளருக்கு அவ்வப்போது பிழிந்து குடிக்கிறவளுக்கு இது எப்படித் தெரியும்? ராத்திரி பத்து மணியிலிருந்து காலையில் வடிகட்டும் வரை எழுபது பழத்தின் விதையும் சக்கையும் சாற்றில் கிடந்திருக்கின்றன.

பாபிக்கு போன் செய்து சொன்னேன். ஓய்வு பெற்று மீரட்டுக்கே போய்விட்டார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, பாதி இந்தியிலும் மறந்துபோன பாதித் தமிழிலும் திட்டினார். சர்க்கரைப் பாகை நேற்றே செய், சரி. மசாலாவைப் போன மாதமே செய், சரி. நிம்பு மட்டும் இப்போ, இப்போ! அந்த இரண்டாவது 'இப்போ'வில் பாத்திரம் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

இன்னொரு தப்பும் அப்போதுதான் தெரிந்தது. நான் மசாலாவையும் மொத்தமாகப் பெரிய பாத்திரத்திலேயே கொட்டியிருந்தேன். கறுப்பு உப்பு புளிப்பில் பட்டதும் அந்த வாசனை ஒரேயடியாகக் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் பறந்தும் போய்விடும். சீரகம் ஊறி அடியில் சேறு மாதிரி தங்கும். மேலே எடுப்பவருக்குப் புளித்தண்ணீர், அடியில் எடுப்பவருக்குக் கஷாயம். டம்ளருக்கு டம்ளர் கடைசியில் போடுவதுதான் முறை. பாபி வீட்டில் அப்படித்தான் கொடுத்தார் என்பது பிறகுதான் உறைத்தது. டம்ளர் கைக்கு வரும்போது மேலே மிதந்துகொண்டிருந்த சீரகத்தை நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் நான் செய்யும் அளவு இதுதான். இரண்டு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவேன். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். சர்க்கரையைக் குளிர்ந்த தண்ணீரில் நேராகப் போட்டால் கலக்கிக் கலக்கிக் கை ஓய்ந்தாலும் பாதி அடியில் கிடக்கும், அதற்காகத்தான் பாகு. நான்கு டம்ளருக்கு மூன்று பழம். மேடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, நறுக்கி, கையாலேயே பிழிவேன். முக்கால்வாசி வந்தால் போதும் என்று விட்டுவிடுவேன். விதையை உடனே வடிகட்டிவிட வேண்டும். பித்தளை, அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும். விரல் நுனி அளவு இஞ்சியைத் துருவிப் பிழிந்து, ஐந்து நிமிஷம் வைத்தால் வெள்ளையாக அடியில் படியும். அதை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். டம்ளருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி பாகு, மேலே பானைத் தண்ணீர். புதினா நான்கு இலை, அரைக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டால் போதும். அரைத்தால் பச்சை நிறம் வரும், கூடவே துவர்ப்பும் வரும். கடைசியில், குடிக்கப் போகிறவர் கையை நீட்டிய பிறகு, கால் தேக்கரண்டி மசாலா.

ஐஸ் போடுவது அவரவர் இஷ்டம். நான் போடுவதில்லை. ரொம்பச் சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போய் சீரகம் தெரியாது. சிலர் சோடா ஊற்றுவார்கள். என் பையன் ஊற்றுவான். அது வேறு சரக்கு. தெருமுனைக் கடையில் "சால்ட்டா, ஸ்வீட்டா" என்று கேட்டுக் கலக்கித் தரும் லெமன் சோடாவுக்கு அண்ணன் முறை. ஒன்று சொல்லிவிடுகிறேன், கறுப்பு உப்பு என்பதால் அது உப்பு இல்லை என்று ஆகிவிடாது. மாமாவுக்குப் பிரஷர், அவர் டம்ளருக்கு நான் வெறும் சீரகமும் மிளகும்தான் போடுவேன். அவர் அத்தை டம்ளரிலிருந்து ஒரு வாய் திருடுவார் என்பது எனக்குத் தெரியும்.

அத்தை முதல் தடவை குடிக்கவே இல்லை. "என்னம்மா இது, முட்ட நாத்தம்லா அடிக்கி" என்று தள்ளி வைத்துவிட்டார். வெயிலுக்கு அவருக்குப் பானக்காரம்தான். புளி கரைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, சுக்கு, ஏலக்காய் பொடித்துப் போடுவார். ஊரில் கோயில் கொடைக்கு அண்டா அண்டாவாகக் கரைப்பார்களாம். எலுமிச்சை ஊரில் பிறந்துவிட்டுப் புளியில் பானக்காரம் கரைப்பானேன் என்று ஒருநாள் கேட்டேன். "எலுமிச்ச விக்கதுக்கு" என்றார். நான்கைந்து கோடை போன பிறகு ஒரு மதியம் சமையலறைக்குள் போனால், தன் பானக்காரத்தில் என் பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதை நானும் பிறகு செய்து பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. கருப்பட்டிக்கும் வறுத்த சீரகத்துக்கும் ஏதோ பழைய உறவு.

இந்த வருஷம் பந்தல் போடும்போது செயலாளர் சார் என் வீட்டு வாசலில் நின்று, "மேடம், இந்தத் தடவை மோரே வச்சிடலாமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். இல்லை சார், ஜூஸ்தான் என்றேன். பாகை முந்தின நாள் காய்ச்சினேன். காலை எட்டரைக்கு மாடிப்படியில் நான்கு வீட்டுப் பெண்கள், இரண்டு காலேஜ் பிள்ளைகள், மடியில் தட்டோடு அத்தை. எல்லோரும் கையால் பிழிந்தோம். மிச்சம் வைத்துப் பிழிந்ததில் பழம் எழுபது போதாமல் தொண்ணூறு ஆயிற்று. அத்தை ஒவ்வொரு மூடியையும் இன்னொரு தடவை அமுக்கப் பார்த்தார், நான் பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் போட்டேன். பத்து மணிக்குக் கலந்து, ஓரமாக ஸ்டூல் போட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மசாலாவும் ஒரு சின்ன ஸ்பூனுமாக உட்கார்ந்துகொண்டேன்.

பத்தரைக்கு அக்கா வந்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டம்ளரை வாங்காமல் முதலில் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ குடிச்சியா?"

குடித்தேன் என்றேன். நம்பவில்லை. அவர் முன்னாலேயே இன்னொரு டம்ளர் குடித்துக் காட்டினேன். அப்புறம் வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார். உதட்டில் ஒட்டிய சீரகத்தை நாக்கால் எடுத்துக் கடித்தார். காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து. அந்தப் பொடிய கொஞ்சம் தூக்கலா போடு."

அரை ஸ்பூன் போட்டேன்.